கடல் கொண்டது போக மிச்சம்

எல்லைக்குக் காவலாக 1969 முதல் கிரேட் நிகோபாரில் குடியமர்த்தப்பட்ட முன்னாள் ராணுவத்தினரின் குடும்பங்கள் சுனாமியில் ஊரை இழந்தன. மறுபடி நட்டு வளர்த்த தென்னைகளின் மீது இன்று ஒரு பெரிய திட்டத்தின் நிழல்.

கேம்ப்பெல் பேயில் தொடங்கும் அந்தச் சாலை ஒரு காலத்தில் 51 கி.மீ. தெற்கே ஓடி, இந்தியாவின் கடைசி மண்ணில் போய் நின்றது. பள்ளிப் புத்தகத்தில் கன்னியாகுமரியைத் தென்கோடி என்று படித்தவர்களுக்கு இது செய்தியாக இருக்கலாம். நிலப்பரப்பின் தென்கோடிதான் கன்னியாகுமரி. நாட்டின் தென்கோடி கிரேட் நிகோபார் தீவின் இந்திரா முனை. அங்கிருந்து இந்தோனேசியாவின் சுமத்ரா 200 கி.மீ.க்கும் குறைவு. சென்னை ஆயிரம் கி.மீ.க்கு அப்பால்.

இந்திரா முனையில் 1972ல் ஒரு கலங்கரை விளக்கம் கட்டினார்கள். தரையில் கட்டிய விளக்கம் இன்று கடலுக்குள் நிற்கிறது. கோபுரம் நகரவில்லை, நிலம்தான் கீழே போனது. 2004 டிசம்பர் 26 அன்று அந்த இடம் நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்தது.

கோபுரத்தைப் படம் பிடிக்க வருபவர்கள் உண்டு. அதற்கு வரும் வழியில் இருந்த ஊர்களைப் பற்றிக் கேட்பவர்கள் குறைவு. கோவிந்த் நகர், ஜோகிந்தர் நகர், விஜய் நகர், லட்சுமி நகர், காந்தி நகர், சாஸ்திரி நகர் என்று சாலையோரம் வரிசையாக இருந்தவை அவை. பெயர்களைக் கேட்டால் ஏதோ ஒரு வட இந்திய நகரத்தின் புறநகர்க் காலனிகள் என்று தோன்றும். உண்மையில் இவை மழைக்காட்டை வெட்டி உண்டாக்கிய கிராமங்கள். உண்டாக்கியவர்கள் ராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்களும் அவர்களது மனைவி மக்களும்.

அவர்களைத் தீவுக்கு அழைத்து வந்தது அரசு. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து ஊரை எடுத்துக்கொண்டது கடல். மிஞ்சியதை எடுக்கலாமா என்ற கேள்வியுடன் மறுபடி வந்து நின்றது அரசு.

வரைபடத்தில் ஒரு காவல்

1965ல் பாகிஸ்தானுடன் நடந்த போரின்போது இந்தோனேசியா பாகிஸ்தான் பக்கம் சாய்ந்தது. டில்லியில் இருந்தவர்கள் வரைபடத்தை எடுத்து நிகோபாரைப் பார்த்தபோது அவர்களை உறுத்தியது அதன் வெறுமை. மலாக்கா ஜலசந்திக்குப் போகும் கப்பல்கள் கிரேட் நிகோபாரின் தெற்கே, ஆறு டிகிரி கால்வாய் வழியாகத்தான் செல்கின்றன. 900 சதுர கி.மீ.க்கு மேல் பரப்புள்ள அந்தத் தீவில் மெயின்லேண்ட் இந்தியர் என்று சொல்ல அநேகமாக யாரும் இல்லை.

தீவுகளில் ஆட்களைக் குடியமர்த்துவது அரசுக்குப் புதிதல்ல. நாட்டுப் பிரிவினைக்குப் பின் கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிகள் 1949 முதலே அந்தமானில் குடியமர்த்தப்பட்டார்கள். இன்று உல்லாசப் பயணிகள் குவியும் ஹேவ்லாக், நீல் தீவுகளின் வயல்கள் அவர்கள் உழைப்பில் உருவானவை. இலங்கையுடன் 1964ல் செய்துகொண்ட ஒப்பந்தப்படி தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களில் சில குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பப்பட்டன. அவர்கள் எல்லோருக்கும் போக வேறு இடம் இருக்கவில்லை.

கிரேட் நிகோபார் கதை அப்படிப்பட்டதல்ல. இங்கே வந்தவர்களுக்குச் சொந்த ஊர் இருந்தது, ஓய்வூதியம் இருந்தது. அரசு அவர்களிடம் கேட்டது குடும்பத்தோடு போய் அங்கே வாழ வேண்டும் என்பதைத்தான். 1969ல் தொடங்கி 1980 வரை கட்டம் கட்டமாக 330 குடும்பங்களுக்கு மேல் வந்து இறங்கின. பஞ்சாபிலிருந்து வந்தவை அதிகம். மகாராஷ்டிரம், கேரளம், ஆந்திரம், உத்தரப்பிரதேசம், தமிழ்நாடு ஆகியவற்றிலிருந்தும் குடும்பங்கள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் நெல்லுக்கும் தோட்டத்துக்கும் வீட்டுக்குமாகப் பத்து ஏக்கருக்கு மேல் நிலம் கிடைத்தது. ஐந்து நதிகளின் சமவெளியில் ஐந்து ஏக்கரே கனவாக இருந்த ஒரு ஓய்வுபெற்ற சிப்பாய்க்கு இது சாதாரண விஷயமல்ல.

நிலம் என்று சொன்னதன் பொருள் வந்து பார்த்த பிறகுதான் புரிந்திருக்கும். அது நின்றது காடாக.

தென்னை காய்க்கும்வரை

ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. தமிழ்நாட்டின் சராசரியைப் போல மூன்று மடங்கு. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை ஓய்வதில்லை. கோதுமை விதைத்துப் பழகிய கைகள் நெல்லும் தென்னையும் பாக்கும் வளர்க்கக் கற்றுக்கொண்டன. எல்லைச் சாலை அமைப்பின் ஆட்கள் காட்டைக் குடைந்து சாலை போட, சாலை நீள நீள ஊர்களும் தெற்கே நீண்டன. தீவின் குறுக்கே மேற்குக் கரைக்கு இன்னொரு சாலையும் வெட்டப்பட்டது.

எதிரிகள் பல வடிவில் இருந்தன. மலேரியா ஒன்று. ஓடைகளிலும் கழிமுகங்களிலும் உப்புநீர் முதலை இன்னொன்று. எல்லாவற்றிலும் விடாப்பிடியானது நிகோபார் தீவுகளுக்கே உரிய நீளவால் குரங்கு. நெட்டைத் தென்னை காய்ப்புக்கு வர ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதுவரை காத்திருந்து கண்ட முதல் இளநீரைக் குரங்குக் கூட்டம் ஒரே காலையில் பறித்துப் போட்டுவிடும். பட்டாசும் நாயுமாகத் தோப்பைக் காப்பது இன்றும் அங்கே விவசாயத்தின் ஒரு பகுதி.

இவற்றைவிடக் கடினமானது தூரம். போர்ட் பிளேருக்கு (2024 முதல் அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) கடல் வழியே 500 கி.மீ.க்கு மேல். வழியில் கார் நிகோபார், கச்சால், நான்கௌரி என்று தொட்டுக்கொண்டு வரும் கப்பல் வந்தால்தான் வெங்காயமும் மருந்தும் தபாலும். கடல் கொந்தளித்தால் கப்பல் தள்ளிப்போகும். ஆரம்ப சுகாதார நிலையத்தால் முடியாத நோயாளியைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுபோக வேண்டும். பிரசவ நாளைக் கப்பல் அட்டவணையோடு சேர்த்துப் பார்ப்பது தீவுக் குடும்பங்களுக்குப் பழகிப்போன கணக்கு. பள்ளி முடித்த பிள்ளை கல்லூரிக்குப் போக வேண்டுமானால் வீட்டைவிட்டுத்தான் போக வேண்டும்.

ஆனாலும் ஒரு ஊர் உருவானது. கேம்ப்பெல் பேயில் குருத்வாரா எழுந்தது. கோயிலும் தேவாலயமும் மசூதியும் வந்தன. பொது மொழியாக ஹிந்தி அமைந்துவிட, வீட்டில் பஞ்சாபி, மராத்தி, தெலுங்கு, தமிழ். அண்டை வீட்டுக்காரர் எந்த மாநிலமோ அந்த மாநிலத்துச் சம்பந்தம் என்பது அடுத்த தலைமுறையில் அதிசயமாக இருக்கவில்லை. முப்பத்தைந்து, நாற்பது வயதில் பட்டாளத்திலிருந்து வந்து இறங்கியவர்கள் இந்தத் தென்னைகளின் கீழே கிழவர்கள் ஆனார்கள். தீவிலேயே பிறந்த பிள்ளைகளுக்கு பஞ்சாப் என்பது விடுமுறைக்குப் போய்வரும் ஊர்.

காலியான இடமா?

அரசின் கணக்கில் வெறுமையாகத் தெரிந்த தீவில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். காட்டின் உட்பகுதியில் ஷோம்பென் இனத்தவர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் எண்ணிக்கை 229. மேற்கு, தெற்குக் கரைகளில் நிகோபாரிகளின் கிராமங்கள். தென்னையும் தாழையும் பன்றியும் கடலுமாக அவர்கள் வாழ்க்கை.

1956ன் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறைச் சட்டப்படி தீவு பழங்குடிகளுக்காக ஒதுக்கப்பட்டது. அந்த ஒதுக்கீட்டிலிருந்து ஒரு பகுதியைக் கழித்துத்தான் சிப்பாய்களுக்கு நிலம் கொடுத்தார்கள். குறுக்குச் சாலை சென்றது ஷோம்பென் காடுகளின் நடுவே. கேட்டுவிட்டுச் செய்ததாக யாரும் சொல்வதில்லை. வந்தவர்களின் உழைப்பைப் பேசும்போது இருந்தவர்களின் இழப்பையும் சேர்த்தே பேச வேண்டும். பின்னால் நடந்தவை இரு தரப்பையும் ஒரே வரிசையில் கொண்டுவந்து நிறுத்திவிட்டன.

ஞாயிறு காலை

2004ல் கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. காலை 6.29க்கு சுமத்ராவுக்கு அருகே கடலடியில் பூமி பிளந்தது. ரிக்டர் என்று பத்திரிகைகள் எழுதிப் பழகிய அளவுகளுக்கு மேல், 9.1 அலகு. சென்னை மெரினாவை அலை எட்ட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. கிரேட் நிகோபாருக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. நிலம் ஆடி ஓய்ந்த சில நிமிடங்களில் கடல் ஊருக்குள் இருந்தது.

கிழக்குக் கரையின் செட்லர் கிராமங்கள் சமதரையில், கடலை ஒட்டி இருந்தவை. நெல் விளைய வேண்டுமானால் அங்கேதான் விளையும். சாலையும் அங்கேதான் போட முடிந்தது. அதனால் வயல், தோப்பு, வீடு, சாலை எல்லாம் ஒரே அடியில் போயின. பின்பக்கம் இருந்த மேட்டுக்காட்டில் ஏறியவர்கள் பிழைத்தார்கள். மேற்கிலும் தெற்கிலும் நிகோபாரி கிராமங்கள் சுவடில்லாமல் அழிந்தன. இந்திரா முனையிலும் கலதியா கடற்கரையிலும் பணியில் இருந்தவர்கள் திரும்பவில்லை. அந்தமான் நிகோபார் முழுவதிலும் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக அரசு கணக்கிட்டது 3,500 பேருக்கு மேல். ரப்பர் தோட்டத் தமிழர்கள் இருந்த கச்சால், மிக அதிக உயிர்களைப் பறிகொடுத்த தீவுகளில் ஒன்று.

தமிழகக் கரையில் அலை வந்தது, அழித்தது, திரும்பிப் போனது. இங்கே வந்த கடலின் ஒரு பகுதி திரும்பவே இல்லை. கடலடித் தட்டுகள் நழுவியதில் தீவே தாழ்ந்துவிட்டது. கிழக்குக் கரையில் ஒரு மீட்டருக்கும் மேல். நேற்றுவரை வயலாக இருந்த இடம் ஓதத்துக்கு ஓதம் கடல்நீர் ஏறும் சதுப்பானது. பட்டா இருந்தது, நிலம் இல்லை. அளந்து கொடுத்த எல்லைக்கற்கள் மீன்களுக்குப் பக்கத்தில் கிடந்தன.

தகரத்தின் கீழ்

பிழைத்தவர்களைக் கேம்ப்பெல் பே அருகே தகரக் கொட்டகைகளில் தங்க வைத்தார்கள். வெப்ப மண்டலத் தீவில், நிலநடுக்கோட்டுக்கு ஏழு டிகிரி தள்ளி, தகரக் கூரையின் கீழ் பகல் நேரம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. மழை அடித்தால் பேசுவது காதில் விழாது. தற்காலிகம் என்று சொல்லப்பட்ட அந்த வாழ்க்கை ஆண்டுக்கணக்கில் நீண்டது. அதன் பிறகே நிரந்தர வீடுகள் வந்தன.

சில குடும்பங்கள் மெயின்லேண்டுக்கே திரும்பின. பல குடும்பங்கள் திரும்பவில்லை. காரணம் எளிமையானது. 1970ல் பஞ்சாபிலோ கோலாப்பூரிலோ விட்டுவந்த பங்கு நிலம் அண்ணன் தம்பிகளிடம் போய், அவர்கள் பிள்ளைகளிடம் பிரிந்து, திரும்பிக் கேட்க முடியாத நிலைக்கு வந்துவிட்டது. தீவில் பிறந்த மகனுக்கு அங்கே யாரையும் தெரியாது. திரும்பிப் போவது என்றால் இன்னொரு குடியேற்றம்.

ஆகவே சாலை மறுபடி போடப்பட்ட தூரம்வரை அவர்கள் தங்கள் நிலங்களுக்குப் போய்வரத் தொடங்கினார்கள். உப்பேறிய மண்ணை மழை கழுவித் தர வேண்டும். அதற்கும் சில பருவங்கள் ஆகும். மேட்டுப்பகுதியில் தென்னங்கன்றுகளை மீண்டும் நட்டார்கள். மீண்டும் ஆறேழு ஆண்டுக் காத்திருப்பு. மீண்டும் குரங்குகள்.

நிகோபாரிகளுக்கு இது கூடக் கிடைக்கவில்லை. கேம்ப்பெல் பேக்கு அருகே ராஜீவ் நகரிலும் புது சிங்கென்னிலும் அவர்களைக் குடிவைத்தார்கள். தெற்கிலும் மேற்கிலும் இருந்த மூதாதையர் கிராமங்களுக்குத் திரும்ப வேண்டும் என்பது அன்று முதல் அவர்களின் கோரிக்கை. கடலோடும் தோப்போடும் வாழ்ந்தவர்கள் கூலி வேலைக்குப் போகும் காலனிவாசிகள் ஆனார்கள்.

வரைபடம் மறுபடி விரிகிறது

அரை நூற்றாண்டுக்கு முன் சிப்பாய்களை அழைத்து வந்த அதே காரணம்தான் மறுபடியும் டில்லியின் பார்வையைத் தீவின் பக்கம் திருப்பியது. கப்பல் பாதை, எல்லை, மலாக்கா. 2012ல் கேம்ப்பெல் பேயில் கடற்படையின் ஐ.என்.எஸ். பாஸ் விமானத் தளம் திறக்கப்பட்டது. 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற திட்டம் அதைப் போலப் பல மடங்கு பெரியது. கலதியா விரிகுடாவில் சரக்குப் பெட்டகத் துறைமுகம், சர்வதேச விமான நிலையம், மின் நிலையம், ஒரு நகரம். ஆரம்ப மதிப்பீடு 72,000 கோடி ரூபாய். இதற்காகக் கைமாறும் காடு மட்டும் 130 சதுர கி.மீ. சுமார் 8,000 பேர் வாழும் தீவில் இறுதியில் மூன்றரை லட்சம் பேர் வசிப்பார்கள் என்பது திட்டக்காரர்களின் கணக்கு.

திட்டத்துக்கு எதிரான வாதங்களில் அதிகம் பேசப்படுவது காடும் ஆமையும். கலதியா கடற்கரை உலகின் மிகப்பெரிய கடலாமையான தோல்முதுகு ஆமை முட்டையிடும் இடம். அதன் சரணாலய அந்தஸ்து 2021ல் நீக்கப்பட்டது. ஷோம்பென்களின் எதிர்காலம் பற்றிய கவலையும் உலக அளவில் ஒலித்தது. திட்டத்துக்குத் தந்த சம்மதத்தை 2022 நவம்பரில் நிகோபாரிகளின் பழங்குடிக் கவுன்சில் திரும்பப் பெற்றது. தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2023 ஏப்ரலில் அனுமதியை ரத்து செய்ய மறுத்து, சில அம்சங்களை மட்டும் மறுஆய்வு செய்ய உயர்மட்டக் குழு ஒன்றை அமைத்தது.

இந்த இரைச்சலில் செட்லர்களின் குரல் மெலிந்து கேட்டது. அனுமதி பெற்ற திட்டத்தில் விமான நிலையத்துக்குக் காட்டப்பட்ட இடம் காந்தி நகர், சாஸ்திரி நகர் வட்டாரம். சுனாமி துடைத்துப் போட்ட அதே கிராமங்கள். நிலம் எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய சமூகத் தாக்க மதிப்பீடு 2024ல் நடந்தது.

செட்லர்கள் வளர்ச்சிக்கு விரோதிகள் அல்ல. நல்ல ஆஸ்பத்திரியும் கல்லூரியும் நினைத்த நாளில் ஏறிப் போக விமானமும் வேண்டும் என்று அவர்களைவிட அதிகம் ஏங்கியவர்கள் யாரும் இருக்க முடியாது. ஐம்பது ஆண்டுகள் கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். அவர்கள் கேட்பது வேறு: நிலத்துக்கு நிலம், நியாயமான விலை.

இதில் இரண்டாவதுதான் சிக்கல். இழப்பீட்டுக்கு அடிப்படை அந்த வட்டாரத்தில் நடந்த கிரயங்கள். வாங்குவோரும் விற்போரும் அதிகம் இல்லாத ஒரு தீவில் நிலத்தின் ‘சந்தை விலை’ என்று எதைச் சொல்வது? பத்திரப் பதிவேட்டில் மலிவாகத் தெரியும் ஒரு ஏக்கரில் இரண்டு முறை நட்ட தென்னை நிற்கிறது. அந்தப் பணத்தோடு மெயின்லேண்டுக்குப் போனால் ஒரு வீட்டுமனை வாங்குவதே கஷ்டம். கடலுக்கடியில் போன நிலத்துக்கு உரிமையாளர் யார், அதற்கு விலை உண்டா என்பது அடுத்த கேள்வி.

முதல் கேள்விக்கும் சுலபமான பதில் இல்லை. தீவில் மீதி இருப்பதெல்லாம் காடு. புதிய நிலம் கொடுப்பதானால் இன்னும் கொஞ்சம் காட்டைத்தான் கொடுக்க வேண்டும். அது ஷோம்பென்களின் காடு.

யாருக்குக் கொடுத்த வாக்கு?

ஒரு குடும்பத்தைத் தீவுக்கு மாற்றுவது எவ்வளவு காலம் பிடிக்கும்? கப்பல் கணக்கில் ஒரு வாரம். ஆனால் மரம் காய்க்கவும், பிள்ளைகள் தீவின் மொழியைப் பேசவும், செத்தவர்களை எரிக்க ஒரு சுடுகாடு அமையவும் ஒரு தலைமுறை வேண்டும். கிரேட் நிகோபாரில் அந்தத் தலைமுறைக்கால உழைப்பை ஒரு முறை கடல் பறித்தது. அதற்கு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. இரண்டாவது முறை பறிபோனால் அது மேஜையில் உட்கார்ந்து எடுத்த முடிவாக இருக்கும்.

எல்லையில் ஆட்கள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர்களை அழைத்தார்கள். அவர்கள் இருந்தார்கள். சுனாமிக்குப் பிறகும் இருந்தார்கள். ஒப்பந்தத்தில் தங்கள் பக்கத்தை அவர்கள் நிறைவேற்றியாயிற்று. மூன்றரை லட்சம் பேர் வரப்போகும் தீவில் முதலில் வந்த முந்நூற்றுச் சொச்சம் குடும்பங்களுக்கும், அவர்களுக்கும் முன்பிருந்தே அங்கு வாழ்பவர்களுக்கும் எந்த இடம் என்பதைப் புதிய வரைபடம் போடுபவர்கள் முதலில் தீர்மானித்தால் நல்லது. 1969ல் வந்து இறங்கியவர்களில் இன்று உயிரோடு இருப்பவர்கள் மிகச் சிலர். அவர்களுக்கு இன்னொரு தென்னை காய்க்கும்வரை காத்திருக்க நேரமில்லை.